தோய்ச்சலில் குறையில்லை

எங்கள் பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் விடுவார்கள். நிதானமாகச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கல்மண்டபம் வரை ஒரு நடை போய்வர அது தாராளம். கோதண்டம் செத்த அன்று நான் சாப்பிடவில்லை. தூக்கில் இருந்த மோர்சாதம் புளித்தே போனது.

என் பெயர் லோகநாதன். படகுக்காரர்களுக்குக் கத்தியும் உளியும் அடிக்கும் பட்டறையில் பத்தொன்பது வருஷமாகக் கொல்லன். கோதண்டம் வந்து மூன்று வருஷம்தான். புளியந்தோப்புச் சேரிக்காரன், ரயில்வே கொட்டகையில் தொழில் கற்றவன். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவனுக்கென்று தனியாக ஒரு தகரக் குவளை தொங்கும். அதை மாட்டியவன் நானில்லை. ஆனால் மேஸ்திரி வேலை காலியானதும், இரண்டு பேரும் கத்தி செய்து காட்டுங்கள், ஜெயித்தவன் மேஸ்திரி என்று துரை சொன்னாரே, அது எனக்குப் பொறுக்கவில்லை. என் அப்பா உலையில் நின்ற காலத்தில் அவன் ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலோடு நின்றார்கள். அவனோடு எனக்குப் போட்டியா? வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

சோதனை இதுதான். தொங்கி ஆடும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். சவுக்குக் கட்டையை வெட்டிய பிறகும் அதே கத்தி கைமயிரை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை வைஸ் இடுக்கியில் பூட்டி, காம்பில் குழாயைச் சொருகி, செய்தவனே இழுத்து வளைக்க வேண்டும், உடையக் கூடாது. உடைந்தால் சில்லு தெறிக்கும் என்பதால், கத்தியைச் சுற்றிக் கோணி கட்டுவது எதிராளியின் வேலை. எவனும் சீமைக் கத்தியை மாற்றி வைத்து ஏமாற்றிவிடக் கூடாது என்று, சோதனைவரை ஒருவன் கத்தியை மற்றவன் பெட்டியில் பூட்டி வைப்பதும் எங்கள் வழக்கம்.

அன்று காலை கோதண்டம் கேட்டான். "இன்னா லோகு, என் கத்தி பத்ரமா கீதா?"

"கீது" என்றேன்.

"உன் பொட்டில இருக்கசொல்ல எனக்கு இன்னா பேஜாரு" என்று சிரித்தான்.

சாப்பாட்டு மணி அடித்ததும் பட்டறை காலியானது. அவன் கத்தியை எடுத்து உலையில் வைத்தேன். செக்கச்சிவந்ததும் தண்ணீரில் முக்கினேன், அதுதான் தோய்ச்சல். தண்ணீரில் தோய்ந்த இரும்பு கண்ணாடிபோல் இறுகும். அதன்பின் இளஞ்சூட்டில் வாட்டிப் பதம் இறக்கினால்தான் வளையும். நான் வாட்டவில்லை. கரியைத் தேய்த்து, எண்ணெய் பூசி, பழையபடி பளபளப்பாக்கிப் பெட்டியில் வைத்தேன். வெளியில் பார்த்தால் பிரம்மாவுக்கும் தெரியாது.

கயிறு ஒரே வீச்சில் விழுந்தது. கட்டையை வெட்டிய பிறகு அவன் கையில் ஒரு மயிர் நிற்கவில்லை. துரையே கைதட்டினார், நானும் தட்டினேன். பிறகு வைஸ்.

"கோணி எங்கடா?" என்று கேட்டான்.

"காணோம். துரை வேற அவசரப்படறாரு" என்றேன்.

"சரி வுடு. என் வேல எனக்குத் தெரியாதா?"

கோணி என் பெட்டியில் நாலாக மடித்து இருந்தது. அவன் குழாயைப் பிடித்து முகத்தைத் தாழ்த்தி இழுத்தான். சில்லு கழுத்தில் ஏறியது. அவன் தலையை நான்தான் மடியில் தாங்கினேன். போட்டி அதோடு நின்றது. மறுவாரம் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள்.

அவன் பெண்சாதி பூவம்மா தினமும் பட்டறை வாசலில் வந்து நிற்கிறாள். "எம் புருசன் கத்தி ஒடையாது, ஒடையவே ஒடையாது" என்கிறாள். செத்தவன் செய்த தவறுதான் காரணம், அதனால் நஷ்டஈடு ஒன்றும் தர முடியாது என்று அவளை விரட்டிவிடுகிறார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் துரை எழுதிய ரிப்போர்ட்டைக் குமாஸ்தா படித்துக் காட்டினார். 'கைத்திறன் இல்லாதவன் கொடுத்த மட்டமான தோய்ச்சல்' என்று அதில் இருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தத் தோய்ச்சல் என்னுடையது, ஐயா. முனையிலிருந்து காம்புவரை ஒரே சீராக இறுகியிருந்தது, எங்கும் ஒரு விரிசல் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலையை அவன் பேரில் எழுதுவதா? அதுவும் மட்டம் என்று எழுதுவதா? அதைத் திருத்தத்தான் நானாக நடந்து வந்தேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். கோணியை ஒளித்தவன் வேறென்ன நினைத்திருப்பான்? எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதுங்கள். உலையில் வைப்பதற்குமுன் அந்தக் கத்தியை வைஸில் பூட்டி நானே வளைத்துப் பார்த்தேன். பாதிக்குமேல் வளைந்தது, கையை விட்டதும் நிமிர்ந்துகொண்டது. பத்தொன்பது வருஷத்தில் அப்படியொரு கத்தி எனக்கு வாய்த்ததில்லை. அப்போதே உடைந்திருந்தால் துண்டுகளை அவனிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன், அவன் பிழைத்திருப்பான். அவ்வளவு நன்றாகச் செய்யச் சொல்லி அவனிடம் யார் கேட்டது? தப்பு அவனுடையதுதான், ஐயா.