மசால்வடை வாசனை

சிறுசேரியிலிருந்து தாம்பரம் வரும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஆபீஸ் முடிந்து திரும்பும் இரண்டு பேர். ஒருவர் நீட்டிய மசால்வடையை மற்றவர் தொடவில்லை.

"வேணாம் மச்சான். சோப்பு போட்டுக் கழுவினாலும் கண்டுபிடிச்சிடுவா."

"யாரு, வொய்ஃபா?"

"பாப்பா. எண்ணெய்ப் பலகாரம் குடுக்காதீங்கன்னு டாக்டர் சொன்னதும் வீட்ல சுடறதையே விட்டுட்டோம். நான் மட்டும் வெளிய சாப்ட்டுட்டுப் போவேன்."

"கேட்டு அழுவாளா?"

"அழுதாக்கூடப் பரவால்லடா. என் கைய மூக்குகிட்ட வெச்சிக்கிட்டே தூங்கிடுவா. மனசு கேக்கல, நானும் நிறுத்திட்டேன்."

"நல்லதுதானே?"

"இப்பவும் டெய்லி வந்து மோந்து பாக்கறாடா. கைய விட்டுட்டு அந்தப் பக்கமா திரும்பிப் படுத்துக்கறா."