எம் பங்கையும் நீயே துன்னு

மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு ஜனங்கள் கொஞ்சம் நல்ல மனநிலையில் இருப்பார்கள். பசி இருக்கும், சோறு வரப்போகிறது என்ற நிம்மதி இருக்கும், கையில் போன் இருக்கும். அந்த நேரத்தில் போகிற மெசேஜுக்குத்தான் பதில் அதிகம் வரும். காலையில் அனுப்பினால் எரிச்சல்படுவார்கள், ராத்திரி அனுப்பினால் சந்தேகப்படுவார்கள். என் தொழிலில் நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

தேவயானி மேடம், பேப்பரும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி தமிழிலேயே எழுது, நானும் நகரிக்காரிதான், படிப்பேன் என்றீர்கள். இந்த போலீஸ் ஸ்டேஷனில் மற்றவர்களுக்குத் தமிழ் படிக்க வராது என்பதும் ஒரு வசதி. நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் மனைவி கீர்த்தியின் போனுக்கு வந்த அந்த ஒரு பதிலை சாஃப்ட்வேர் எழுதியதா, நான் எழுதினேனா. அதற்கு வருகிறேன். முன்னால் நடந்தது தெரியாமல் அது விளங்காது.

என் பெயர் ஹரிபிரசாத். சொந்த ஊர் குடிபாலா. வீடு சித்தூரில், ஆபீஸ் திருப்பதியில். சோஷியல் மீடியாவில் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது என் வேலை. பெரிய வாடிக்கையாளர் சிட்டிபாபு, ரேணிகுண்டா ரோட்டில் பிளாட் போட்டு விற்கிறவர். விரலுக்கு ஒரு மோதிரம் போட்டிருப்பார், தலைக்குள் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. "மலைக்குப் போய் மொட்ட போட்டுக்கினு போட்டோ போட்றான் பாரு, அவன்தான் நம்ம கஸ்டமர்" என்பார். தரிசனம் முடிந்து இறங்குகிறவனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் மெசேஜ் போக வேண்டும்: சுவாமியின் காலடியில் ஒரு சின்ன வீடு வேண்டாமா என்று. கையால் நாளைக்கு ஐம்பது பேருக்கு அனுப்பலாம். சிட்டிபாபு ஆயிரம் கேட்டார்.

அதற்குத்தான் சாஃப்ட்வேர். மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றுக்கும் பதினான்கு நாள் இலவசம். விற்கிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் பேசினார்கள். வாயைத் திறந்தால் உலகமே பதில் போடும் என்றார்கள். இவர்களை நம்பி ஒன்றை வாங்குவதற்கு நான் சிட்டிபாபு இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும். யாரை வைத்துச் சோதிப்பது என்பதுதான் விஷயம். மொட்டை போட்ட மறுநாள் மனிதன் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வான், அவனை வைத்து எதையும் அளக்க முடியாது. சுலபத்தில் பதில் போடாத ஆள் வேண்டும்.

கீர்த்தி அப்படிப்பட்டவள். கேஸ் சிலிண்டர் வந்தால்கூட ஜன்னல் வழியாக இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். விஜயபுரத்தில் நெல்லும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். அப்பா சின்னசாமி, ஒரு தம்பி யஸ்வந்த். கல்யாணமாகி மூன்று வருஷம். இன்ஸ்டாகிராமில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. காலையில் எனக்குக் கட்டுகிற டிபன் பாக்ஸை மூடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துப் போடுவாள். அறுபது பேர் பார்ப்பார்கள். நான் அந்த டிபனைச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர போட்டோவைப் பார்த்ததில்லை.

அதனால் வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே ஏன் தேட வேண்டும். இதில் தப்பாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் செய்த பலகாரத்தை முதலில் வீட்டுக்காரர்களுக்குத்தானே கொடுத்துப் பார்க்கிறோம்.

முதல் சாஃப்ட்வேர் தெலுங்கு மரியாதையில் 'ஹாய் கீர்த்தி காரு' என்று ஆரம்பித்தது. அன்றைக்கே அந்தக் கணக்கை பிளாக் செய்துவிட்டாள். இரண்டாவது கொஞ்சம் நாசூக்கு. மூன்று நாள் அவள் போட்டோக்களுக்கு லைக் போட்டுவிட்டு, 'தங்கள் உணவுப் புகைப்படங்கள் எம்மை வெகுவாகக் கவர்ந்தன' என்று எழுதியது. தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அதை அவள் திறக்கவே இல்லை. அவள்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேறு மாதிரி. நீ சொந்தமாக எழுதின மெசேஜ் குறைந்தது முந்நூறு கொடு, அதைப் பார்த்து உன் மாதிரியே பேசக் கற்றுக்கொள்கிறேன் என்றது. தமிழில் நான் யாருக்கும் அத்தனை எழுதினதில்லை. ஆபீஸ் வேலையெல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும். பழைய போனைத் தேடியதில் ஒரு மூட்டை கிடைத்தது. எங்கள் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஏழு மாதம் ஓடிப்போனது. அந்த ஏழு மாதம் கீர்த்திக்கு நான் எழுதினவை. கல்யாணம் நிச்சயமானவன் எல்லோரும் எழுதுகிற குப்பைதான். மொத்தத்தையும் அள்ளி அதற்குள் போட்டேன். 'பிரவீன்' என்று ஒரு கணக்கு, முகத்துக்குப் பதில் ஒரு மலைப் படம். முதல் மெசேஜை அதுவே தேர்ந்தெடுத்து, பன்னிரண்டே முக்காலுக்கு அனுப்பியது.

'இன்னா துன்ன இன்னிக்கு? எம் பங்கையும் நீயே துன்னு.'

நாலாவது நிமிஷம் பதில் வந்தது.

இந்த சாஃப்ட்வேர் தானே பேசும், தானே பதில் சொல்லும். நமக்கு ஒரு கலர் மட்டும் காட்டும். சிவப்பு என்றால் ஆள் தேற மாட்டார், மஞ்சள் என்றால் யோசிக்கிறார், பச்சை என்றால் நம் பக்கம் வந்துவிட்டார். எதற்காவது பதில் சொல்லத் தெரியாவிட்டால் மட்டும் நின்று நம்மைக் கேட்கும். கீர்த்தி இரண்டாம் நாளே பச்சை. ஒரு நாளைக்கு நாற்பது மெசேஜ். ஒரு மெஷினோடு.

அந்த நாட்களில் வீட்டில் அவளைப் பார்க்க எனக்கு வெறுப்பாக இருந்தது. மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது. அடுப்படியில் பாடினாள். பொரியலில் தேங்காய் கூடியது. சோறு போடும்போது, நமக்குள் ஏதோ ரகசியம் இருக்கிற மாதிரி என்னைப் பார்த்து உதட்டை மடக்கிக்கொண்டு சிரிப்பாள். "இன்னாடி?" என்றால், "ஒண்ணுல்லீங்க, துன்னுங்க" என்பாள். மூன்று வருஷமாக நான் வாங்கித் தராத எதையோ இந்த சாஃப்ட்வேர் வாங்கித் தந்துவிட்டது போல. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதில் ஒரு புரோகிராம் போதுமாக இருந்தது அவளுக்கு.

மாமா சின்னசாமிக்கு போன் செய்தேன். பிரவீன் என்று ஒருத்தனோடு உங்கள் பெண் பேசிக்கொண்டிருக்கிறாள், வியாழக்கிழமை மத்தியானம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்க்க வரப்போகிறாள், நம்பாவிட்டால் நேரில் வந்து பாருங்கள் என்றேன். நான் கோபப்படவில்லை. அவர்தான் அழுதார்.

வியாழக்கிழமை அவரும் யஸ்வந்தும் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்றார்கள். நான் சித்தூர் பஸ் நிற்கிற இடத்தில் தூண் ஓரமாக நின்றேன். பன்னிரண்டு நாற்பதுக்கு கீர்த்தி இறங்கினாள். நீலப் புடவை, தலையில் பூ, கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவர்கள் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். யஸ்வந்த் அக்காவைக் கன்னத்தில் அறைந்தான். கூட்டம் கூடிவிட்டது.

"நைனா, இவருதான் வரச் சொன்னாரு" என்றாள். "சத்தியமா இவருதான் நைனா. இவரையே கேளு."

மாமா என்னைப் பார்த்தார். "மாப்ள, நீயா வரச் சொன்ன?"

"நான் எதுக்கு மாமா பொண்டாட்டிய பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லப் போறேன்? எங்களுக்கு வூடு இல்லியா?" என்றேன்.

நியாயமான பேச்சு. கூட்டத்தில் சில பேர் சிரித்தார்கள். கீர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த போனை வாங்கி யஸ்வந்திடம் கொடுத்தேன். மாமா அவளைத் தங்கள் ஊருக்குப் போகிற வழியில் புத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். துணிப்பை கீழேயே கிடந்தது. ஜூஸ் வண்டிக்காரர் எடுத்து வைத்திருந்து பிறகு உங்களிடம் கொடுத்தாராம். நாலாம் நாள் விஜயபுரத்தில், நிலக்கடலைக் கொல்லைக் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்கள். நான் போயிருந்தேன். செய்ய வேண்டிய முறை எல்லாம் செய்தேன்.

யஸ்வந்த் அந்த போனைப் பதினைந்து நாள் பீரோவில் பூட்டி வைத்திருந்தான். பிறகு திறந்து படித்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறான். அவனை அறை என்று நான் சொல்லவில்லை. அக்காவை அறைகிற தம்பிக்கு அப்புறம் என்ன அழுகை என்று தெரியவில்லை.

இன்று காலை அந்தத் துணிப்பையை மேஜைமேல் வைத்துக் காட்டினீர்கள். "ஓடிப் போறவ மாத்துப் புடவ எடுத்துக்காம ரெண்டு பேர் சோத்த எடுத்துக்கினு போவாளாய்யா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு மூளை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பையில் இருந்தது டிபன் கேரியர், இரண்டு தட்டு, ஒரு தண்ணீர் பாட்டில். மூன்றாவது சாஃப்ட்வேரின் முதல் மெசேஜுக்கு அவள் போட்ட பதிலையும் படித்துக் காட்டினீர்கள்.

'ஒங்க பங்கு ஒங்க டப்பாலயே கீதே. இன்னும் தொறக்கலியா?'

ஆக, முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அவள் பிரவீனுக்குப் பதில் போடவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் தினம் மத்தியானம் நான் எழுதின வரியை அவள் மறக்கவில்லை, எனக்குத்தான் ஞாபகம் இல்லை. வாயால் பேச வெட்கப்பட்டு புருஷன் வேறு பெயரில் எழுதுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குத்தான் அந்தப் பாட்டும் தேங்காயும். கலரை மட்டும் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை, அதனால் எனக்கு இது தெரியாது என்று உங்களிடம் நேற்று சொன்னேன். அது பத்தாம் நாள் வரைக்கும் உண்மை.

பதினோராம் நாள் சாஃப்ட்வேர் நின்றுவிட்டது. அதற்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை அவள் கேட்டிருந்தாள். திரையில் அது அப்படியே வந்தது.

'பிரவீனு கிரவீனுல்லாம் எனுக்குத் தெரியாது. இது நீங்கதானே? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க போதும். வூட்ல இத்தப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்.'

கீழே ஒரு காலிப் பெட்டி. நீங்களே பதில் எழுதவும் என்றது.

அப்போதுதான் உட்கார்ந்து பதினோரு நாளையும் படித்தேன். அவள் எனக்கு எழுதினது என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு எழுதினது இல்லை, மேடம். அந்த ஏழு மாதத்துப் பையனுக்கு எழுதினது. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் கேட்காத எல்லாவற்றையும் அவனிடம் கேட்டிருந்தாள். முதுகு வலிக்கிறது என்று அவனிடம் சொல்லியிருந்தாள். மறுபடியும் நீங்க வந்துட்டீங்க, அது போதும் என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தாள். நான் எங்கேயும் போகவில்லையே. என் பழைய குப்பையை ஒரு மெஷின் திருப்பிக் கொட்டியதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவளோடு ஒரே வீட்டில் மூன்று வருஷம் இருந்திருக்கிறேன் என்று நினைக்க அருவருப்பாக இருந்தது.

இனி உங்கள் கேள்விக்குப் பதில். அந்த வரியை சாஃப்ட்வேர்தான் எழுதியது என்று நான் சொல்லலாம். நிரூபிக்க உங்களுக்கு ஆறு மாதம் ஆகும். ஆனால் மெஷின் அவ்வளவு சுருக்கமாக எழுதாது.

'ஆமா. நான்தான்' என்று நான் எழுதினேன். 'வியாழக்கிழம பன்னெண்டே முக்காலுக்கு திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வா. சேந்து துன்லாம்' என்பதும் நான் எழுதினதுதான். அனுப்பிவிட்டு, அவளிடமிருந்து பதில் வருகிற வரைக்கும் காத்திருந்தேன். சரிங்க என்று வந்தது. அதற்குப் பிறகுதான் மாமாவுக்கு போன் செய்தேன்.

அவள் யாரைப் பார்க்க வருகிறாள் என்று அந்த பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் சொன்னாள். நான் சொல்லவில்லை.

சிட்டிபாபுவுக்கு மூன்றாவது சாஃப்ட்வேரையே எடுத்துக் கொடுத்தேன். நன்றாக வேலை செய்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் மேஜைமேல் சார்ஜில் கிடந்த கீர்த்தியின் போன் சத்தம் போட்டது; நீங்கள் எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினீர்கள். மணி பன்னிரண்டே முக்கால். பயப்பட ஒன்றுமில்லை. லிஸ்டிலிருந்து அவள் பெயரை நான் இன்னும் எடுக்கவில்லை. பதில் போடாதவர்களை இது சுலபத்தில் விடாது.

கடைசியாக ஒன்று. யாரோ ஒருவன் பெயரைச் சொல்லி அவளை ஏமாற்றினேன் என்று மட்டும் கேஸ் எழுதாதீர்கள். வரச் சொன்னது நான். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றதும் நான். யாரைப் பார்க்க வந்தாளோ அவனைத்தான் பார்த்தாள், இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.