இரண்டாவது மாடிப் படியில் ஒரு நாற்காலி

புள்ளிவிவரம் போதுங்க. இந்தக் காகிதத்தை மடிச்சு வச்சிடறேன். நாட்டுக் கடன் எத்தனை லட்சம் கோடின்னு நான் படிக்கப் படிக்க, உங்க கண்ணு சொக்குது. அதனால ஒரு கதை சொல்றேன். சின்னக் கதைதான்... ஆனா எனக்கு இன்னும் ஆறல.

நான் குடியிருக்கிறது நாலு மாடிக் குடியிருப்பு. நாப்பத்தெட்டு வீடு, ஒரே ஒரு லிஃப்ட். சங்கத் தேர்தல் வந்தா எங்களுக்குத் திருவிழா மாதிரி. முதல்ல தணிகாசலம் நின்னார். "மாசச் சந்தாவை ஒத்தைப் பைசா ஏத்த மாட்டேன்!" கைதட்டல்... ஜெயிச்சார். வாசல்ல கிரானைட் வளைவு கட்டினார், பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு குக்கர் கொடுத்தார். பணம்? கடன்.

அடுத்து பரந்தாமன் வந்தார். "நம்மளைக் கடனாளி ஆக்கினது யாரு? தணிகாசலம்!" கைதட்டல்... அவரும் ஜெயிச்சார். அவர் சந்தாவை ஏத்தினாரா? ஏத்தல. அந்த வளைவை இடிச்சிட்டு, தன் பேர் போட்டு மேடை கட்டினார். வீட்டுக்கு ஒரு டிபன் கேரியர். பணம்? அதுவும் கடன்தாங்க. வட்டி கட்டவே வசூல் சரியாப் போச்சு. லிஃப்ட் நின்னுச்சு. அஞ்சு மாசம்... அப்படியே நின்னுச்சு.

ஒரு நாள் காலையில பத்து மணி. நாலாவது மாடி ஏகாம்பரத்துக்கு நெஞ்சு வலி. வேட்டி, பனியன் எல்லாம் வேர்வையில நனைஞ்சு போச்சு. அவர் சம்சாரம் சுலோச்சனா கத்துறாங்க. எல்லாரும் வேலைக்குப் போயிட்டோம். ஓடி வந்தது யாரு தெரியுமா? ரிடையர் ஆகி வீட்டுல இருந்த ரெண்டு பேர். தணிகாசலமும் பரந்தாமனும்!

பிளாஸ்டிக் நாற்காலியில அவரை உட்கார வச்சு, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இறக்கினாங்க. மூணாவது மாடி தாண்டியாச்சு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல தணிகாசலத்துக்கு மூச்சு வாங்குது.

"நான் தலைவரா இருந்தப்ப லிஃப்ட் ஓடிச்சுய்யா!"

"ஏன் ஓடாது? நீ வாங்கின கடனுக்கு வட்டி கட்டித்தானே இப்போ நின்னு போச்சு!"

"நான் வாங்கினது ஒரு பங்கு. நீ வாங்கினது?"

நாற்காலியைக் கீழே வச்சிட்டாங்க. கையை நீட்டிப் பேச வேணாமா? கணக்கு... தேதி... ஆதாரம்... சுலோச்சனா அம்மா அழறாங்க, ரெண்டு பேருக்கும் காது கேக்கல.

அப்போ ஏகாம்பரம் மெதுவாச் சொன்னாராம்: "தணிகாசலம்... பரந்தாமன்... நீங்க ரெண்டு பேர் சொல்றதும் நெசம்தான்ப்பா... என்னை இறக்குங்க."

இறக்கினாங்க. ஆட்டோவும் வந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல டாக்டர் நாடி பார்த்தார்... உதட்டைப் பிதுக்கினார்.

பதினாறாம் நாள் இரங்கல் கூட்டம். அங்கேயும் ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க. சுலோச்சனா அம்மா எழுந்து நின்னாங்க. குரல் உயரல. "மாசம் இருநூறு ரூபா கூடக் கொடுத்தா லிஃப்ட் ஓடும்னு போன சங்கக் கூட்டத்துல செயலாளர் சொன்னார். வேணாம்னு முதல்ல கை தூக்கினது எங்க வீட்டுக்காரர். ரெண்டாவது... நான்." உட்கார்ந்துட்டாங்க.

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஏன்னா மூணாவது கை என்னோடது.

அன்பானவங்களே, இன்னிக்கு இந்த நாட்டுல என்ன நடக்குது? இந்தக் கட்சி அந்தக் கட்சியைச் சொல்லுது, அந்தக் கட்சி இந்தக் கட்சியைச் சொல்லுது. ரெண்டு பேர் சொல்றதும் நெசம்தான்! ஆனா சொல்லிக்கிட்டிருக்கிற நேரத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்து இல்ல. ஒரு பள்ளிக்கூடத்துல வாத்தியார் இல்ல. உசிரு காத்திருக்குமாங்க?

இனிமே எவராவது மேடை ஏறி, "கடன் வாங்கினது அவங்க"ன்னு முழங்கினா... தயவு செஞ்சு கை தட்டாதீங்க. "சரிங்க, அடைக்க நீங்க என்ன செய்யப் போறீங்க? அதுல நான் எவ்வளவு கொடுக்கணும்?"னு கேளுங்க. கேக்கிறதுக்கு நாக்கு கூசும். எனக்கும் கூசுது. பதில் வந்தா நம்ம சட்டைப் பையிலயும் கை வைக்கும். வைக்கட்டும்... கேளுங்க.