பதினேழாம் எண் உறை

என் பெயர், கணவர் பெயர், கதவு எண் ஆகியவை இத்துடன் இணைத்துள்ள படிவத்தில் கண்டபடி. வயது நாற்பத்தொன்று. தொழில் செவிலியர். சிறுநீரக மாற்று அறுவைப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் கடைசி இரண்டு ஆண்டுகளாக அதே பிரிவில் நடக்கும் மருந்து ஆய்வுக்கும் நானே செவிலியர். கணவர் அதே மருத்துவமனையில் ஜெனரேட்டர் இயக்குபவர். எங்களுக்கு ஒரே மகள், கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். ஆய்வு அறை அலமாரியில் இருந்த முத்திரையிட்ட உறைகளைத் திருடிப் பிரித்தேன் என்று பிரிவின் தலைமை மருத்துவர் என் மேல் புகார் கொடுத்திருப்பதாக விசாரணை அதிகாரி சொல்லத் தெரிந்துகொண்டேன். ஓர் உறையை எடுத்தது உண்மை. அது எப்படி நடந்தது என்பதை, என்னை யாரும் அடிக்காமலும் மிரட்டாமலும், நானாகவே சொல்கிறேன்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களின் உடம்பு அதை வேற்றுப் பொருளாக நினைத்துத் தாக்கும். அப்படித் தாக்காமல் இருக்க அவர்கள் ஆயுள் முழுவதும் மூன்று வகை மாத்திரை சாப்பிட வேண்டும். அதில் ஒன்று ஸ்டீராய்டு. அது முகத்தை உப்ப வைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும். ஓராண்டுக்குப் பின் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தலாமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. சேர்ந்தவர்கள் இருபத்துநான்கு பேர். பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரையும் மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆபத்து வந்தால் பிரித்துப் பார்ப்பதற்காக ஆளுக்கோர் உறை முத்திரையிட்டு அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது. பிரிக்கத் தலைமை மருத்துவரின் கையெழுத்து வேண்டும். அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். நோயாளிகளை எண் சொல்லித்தான் குறிப்பிட வேண்டும் என்பது விதி என்பதால் இங்கும் அப்படியே சொல்கிறேன்.

பதினேழாம் எண்காரர் லிஃப்ட் மெக்கானிக், வயது முப்பத்தாறு. அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் கூடப்பிறந்த அக்கா. இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். தம்பி பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வருவார். வந்ததும் என்னிடம், "என் சாமானை ஒழுங்கா வச்சிருக்கானா சிஸ்டர்?" என்று கேட்பார். தம்பி, "வாடகைக்கு விட்ட வீட்டைப் பாக்க வர்ற மாதிரி வருது பாருங்க" என்பார். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு எவ்வளவு தேங்குகிறது என்று பார்த்துச் சிறுநீரகத்தின் நிலையை அறிவோம். ஏறினால் கெடுதல். அவருக்கு ஓராண்டாக 1.2 என்றே இருந்து வந்தது.

இந்த மாதம் நான்காம் தேதி திங்கட்கிழமை அது 1.7 என்று வந்தது. அந்த அளவு ஏறினால் ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்குள் ஆய்வைக் கண்காணிக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் எழுத வேண்டும் என்பது ஆய்வின் விதி. நான் தாளை எடுத்துக்கொண்டு தலைமை மருத்துவரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, "வெயில்ல அலையுற ஆளு. நெறைய தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்புங்க" என்றார். நான் அப்படியே சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு பதினொன்றாம் தேதி பதினேழாம் எண்காரர் மறுபடி வந்தபோது 2.3 என்று வந்தது. காலில் செருப்பு வார் பதிந்த பள்ளம், செருப்பைக் கழற்றி வெகுநேரம் ஆகியும் மறையாமல் இருந்தது. அக்கா அதைத் தன் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அன்று அவர் சாமானைப் பற்றிக் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் மீண்டும் தலைமை மருத்துவரிடம் போய், சதைப் பரிசோதனைக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்தச் சொல்லி, "இருபத்தொண்ணாம் தேதி குழு கூடுது. ஏற்கெனவே மூணு பேரைப் பத்திக் குழுவுக்கு எழுதியாச்சு. நாலாவது ஆள் வந்தா ஆய்வையே நிறுத்திடுவாங்க. பத்து நாள்ல ஒண்ணும் குடி முழுகிப் போகாது" என்றார். நான் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பதினாறு ஆண்டுகளில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் நல்ல அறுவை மருத்துவர், அந்தப் பதினேழாம் எண்காரருக்குச் சிறுநீரகத்தைப் பொருத்தியதும் அவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதின்மூன்றாம் தேதி காலை எட்டரை மணிக்கு அக்கா போன் செய்து, நேற்றிலிருந்து தம்பிக்கு ஒரு டம்ளர் அளவுகூடச் சிறுநீர் இறங்கவில்லை என்றார். நான் உடனே அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னேன். ஒன்பதரைக்கு வந்தார்கள். அங்கே பணியில் இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண் மருத்துவர். ரத்தம் பார்த்ததில் 3.1. அவர் தலைமை மருத்துவருக்குப் போன் செய்தார். மறுமுனையில், "நான் சாயங்காலம் வந்து பாக்கறேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்க வேண்டாம்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. அதன் பிறகு அந்த மருத்துவர் என்னைச் சுவரோரமாக அழைத்துப் போய், "உடம்பு கிட்னியை அடிக்குதுன்னு தோணுது. ஆனா இவருக்குள்ள போறது மருந்தா வெறும் மாவான்னு தெரியாம, அவர் பேச்சையும் மீறி நான் எப்படி சிஸ்டர் ஊசி போடறது? தெரிஞ்சா இப்பவே ஆரம்பிச்சிடுவேன்" என்றார். பேசும்போது பேனாவை மூடித் திறந்துகொண்டே இருந்தார்.

அங்கிருந்து நான் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போய்க் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இயந்திரத்தை அணைக்காமலே கேட்டார். "உன் வேலை மட்டும் போனா பரவால்ல, என் வேலையும் சேர்ந்து போகும். பொண்ணு படிக்குது" என்றார். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "நீ இங்க வரவும் இல்ல, எங்கிட்ட எதுவும் சொல்லவும் இல்ல" என்றார். நான் திரும்பி வாசல் வரை வந்தபோது பின்னாலிருந்து, "சாவி கையில இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

பத்து இருபதுக்கு ஆய்வு அறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டேன். சாவி துவாரத்தில் இரண்டு முறை சறுக்கியது. பதினேழாம் எண் உறையை எடுத்தேன். மேல்பக்கம் சிவப்பு முத்திரை சேதமில்லாமல் இருந்தது. ஆனால் தூக்கிப் பிடித்தபோது அடிப்பக்க மடிப்பு தானாக விரிந்துகொண்டது. யாரோ முன்பே அடிப்பக்கமாகப் பிரித்து வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து பொரிந்து என் விரலில் உதிர்ந்தது. அதன் பிறகு மற்ற உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நான்கு, ஒன்பது, இருபத்திரண்டு ஆகிய மூன்றும் அதே மாதிரி இருந்தன. குழுவுக்கு எழுதிய மூவர் வேறு. இந்த மூவருக்கும் இந்த ஆண்டில் ஒவ்வொரு தடவை கிரியாட்டினின் ஏறியிருந்தது. அப்போதும் தலைமை மருத்துவர் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தான் அனுப்பச் சொன்னார். "இவங்களை இனிமே நானே பாத்துக்கறேன்" என்று அவர்களுடைய கோப்புகளையும் தன் அறைக்கு எடுத்துப் போனார். தண்ணீர் குடியுங்கள் என்று அந்த மூவரிடமும் வாயால் சொன்னவள் நான்.

நான்கு உறைகளின் அடிப்பக்கத்தையும் என் கைபேசியில் படம் எடுத்தேன். நான்காவது படம் எடுக்கும்போது நடைகூடத்தில் தலைமை மருத்துவரின் குரல் கேட்டது. சாயங்காலம் வருவதாகச் சொன்னவர் எழுத்தரிடம், "சிஸ்டர் எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பதினேழாம் எண் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். கதவின் கைப்பிடி கீழே போய் மேலே வந்தது. மூன்று முறை அப்படி ஆயிற்று. "உள்ள யாரு?" என்றார். நான் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பதினாறு ஆண்டுகளாகத் தினமும் கேட்ட குரல்தான் அது. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டபோது, கதவு திறந்தால் என்னை என்ன செய்வாரோ என்று நினைத்தேன். அதன் பிறகு அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே போய்விட்டார். நான் லிஃப்டில் ஏறாமல் பின்படிக்கட்டு வழியாக அவசரப் பிரிவுக்கு இறங்கினேன். உறையை வெளியே எடுத்தபோது அது வியர்வையில் நனைந்து என் தோலோடு ஒட்டியிருந்தது.

பெண் மருத்துவர் அக்காவின் முன்னிலையில் முத்திரையை உடைத்துத் தாளைப் பிரித்துப் பார்த்தார். மருந்தில்லாத மாத்திரை என்று எழுதியிருந்தது. பத்து ஐம்பத்தைந்துக்கு ஸ்டீராய்டு ஊசி மருந்தின் முதல் அளவை ஏற்றினார். மதியம் ஊசி போட்டுச் சதை எடுத்தார். உடம்பு சிறுநீரகத்தைத் தாக்குவது உண்மைதான் என்று மறுநாள் அறிக்கை வந்தது. ஊசி மருந்து மூன்று நாள் ஏறியது. 3.1 என்பது 3.4 ஆகி, பிறகு 2.6 ஆகி, நேற்றுக் காலை 1.9-இல் நின்றது. இனி பழைய அளவுக்குத் திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். அக்கா, "எவ்வளவு போச்சும்மா?" என்று கேட்டார். "மூணுல ஒரு பங்கு" என்று மருத்துவர் சொன்னபோது, அக்கா தன் இடப்பக்க விலாவுக்குக் கீழே, அறுவைத் தழும்பு இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். தம்பி, "விடுக்கா, மேல் மாடிக்குப் போகாட்டியும் நடு மாடி வரைக்கும் லிஃப்ட் ஓடுதுல்ல" என்றார். அக்கா அவரை ஓர் அறை அறைந்துவிட்டு அழுதார்.

பதினைந்தாம் தேதி மதியம் தலைமை மருத்துவர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தட்டச்சு செய்த கடிதம் ஒன்று மேசையில் இருந்தது. நான்கு உறைகளையும் நானே கவனக்குறைவாகப் பிரித்து ஒட்டிவிட்டேன் என்று அதில் இருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டா வேற வார்டுக்கு மாத்திடறேன், அதோட விஷயம் முடிஞ்சுது" என்றார். நான் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். "உங்க வீட்டுக்காரர் ஜெனரேட்டர்லதானே இருக்கார்?" என்று கேட்டார். அதன் பிறகு என் மகள் எந்தக் கல்லூரியில் படிக்கிறாள், எந்த பஸ்ஸில் போகிறாள் என்று கேட்டார். கடைசிவரை குரலை உயர்த்தவில்லை. எனக்கு டீ சொல்லியிருந்தார். நான் குடிக்கவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலை கணவரிடம் சொன்னதற்கு, "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு, ஆனை அசைஞ்சா தாங்கற ஆளுங்க இல்ல நாம" என்றார். நான் மற்ற மூன்று உறைகளைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் நான் கையெழுத்துப் போட மறுத்ததும் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். அவர் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்து, மகளைத் தானே கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறார். பதினெட்டாம் தேதி என் மேல் இந்தப் புகார் கொடுக்கப்பட்டது.

நான்கு உறைகளை அடிப்பக்கமாகப் பிரித்தது யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். சாவி என்னிடமும் இருந்தது என்பதால் என்னைச் சந்தேகப்பட இடம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு முன் உறைகள் வந்து சேர்ந்தபோது எல்லாவற்றையும் முன்னும் பின்னும் நகல் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். அந்த நகல்களில் அடி மடிப்புகள் சரியாக இருப்பதைக் காணலாம். என் கைபேசியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

என்னைக் கைது செய்வதானால் செய்துகொள்ளட்டும். அதற்கு முன், நான்கு, ஒன்பது, இருபத்திரண்டு ஆகிய எண்காரர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அவர்களுக்கு அடுத்த பரிசோதனை குழுக் கூட்டம் முடிந்த பிறகுதான் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்று காலையும் அந்த மாத்திரையைத்தான் விழுங்கியிருப்பார்கள். தண்ணீரும் நிறையக் குடித்திருப்பார்கள். என் நினைவிலிருக்கும் அவர்களுடைய பெயரையும் போன் எண்ணையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்படிக் கொடுப்பது ஆய்வு விதிப்படி தவறு என்று தெரிந்தே கொடுக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். பயந்தேன் என்பது போல வரும் இடங்களை எடுத்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டார், இருக்கட்டும் என்றேன். கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை, நடந்தது இதுவே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)
பத்தொன்பதாம் தேதி, காலை 11.40

என் முன்னிலையில் பதியப்பட்டது. மேற்படி மூவருக்கும் நிலையத்திலிருந்து போன் செய்யப்பட்டது. ஒன்பதாம் எண்காரரும் இருபத்திரண்டாம் எண்காரரும் உடனே அவசரப் பிரிவுக்குப் புறப்படுவதாகச் சொன்னார்கள். நான்காம் எண்ணுக்கு நான்கு முறை அழைத்தும் மணி அடித்து ஓய்ந்தது. காவலர் இருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வாக்குமூலம் தந்த சாட்சி, அவர்கள் திரும்பும் வரை நிலையத்திலேயே இருக்க அனுமதி கேட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

(விசாரணை அதிகாரி கையெழுத்து)
பகல் 12.15