கத்துவதற்கு ஓர் இடம்

லண்டனின் குரோய்டன் டிராமில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும், விடுமுறைக்கு டென்ட் அடிக்க ஃபோனில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தக் குளக்கரை வடிவா இருக்கு. புக் பண்ணட்டோ?”

“அங்க கத்தலாமோ எண்டு கேட்டனீங்களோ?”

“ஆர் கத்துறது?”

“உங்கட மகன்தான். கதைக்க ஏலாத பிள்ளை, சந்தோஷத்தை வேற எப்பிடிக் காட்டுவான்? பக்கத்து டென்ட்காரரும் எங்கட பிளாட்டில மாதிரி சுவரில இடிச்சா?”

“டென்டில எங்கயப்பா சுவர்?”

அவள் சிரிக்கவில்லை. அவர் உடனே அந்த இடத்துக்கு ஃபோன் எடுத்து, மகனைப் பற்றி எதையும் மறைக்காமல் சொன்னார்.

“காட்டுக்குள்ள ஒதுக்குப்புறமா ஒண்டு இருக்காம். பக்கத்தில ஒருத்தரும் இல்லையாம், விரும்பினபடி கத்தட்டுமாம். ஆனா உமக்குக் குளம் பாக்கக் கிடைக்காது.”

“அவன்ர வாயைப் பொத்தாமல் இருந்தா, அதுதான் எனக்கு லீவு.”