ஆர்க்கிட் வேருக்குப் பட்டைத்தூள்

— அடுப்பங்கரையில எலி பூந்துருச்சோன்னு பார்த்தா, நீங்களா! டப்பா டப்பாவா என்னங்க தேடறீங்க?

— ஒண்ணுமில்ல... பட்டை எங்க வெச்சிருக்கற?

— கருவாப்பட்டைங்களா? அதெதுக்குங்க?

— தொண்டை கரகரங்குது, புள்ள.

— தொண்டைக்குன்னா கையில கத்திரிக்கோலு எதுக்குங்க? ஐயோ, அந்த ஆர்க்கிட் தொட்டியவும் உள்ள கொண்டாந்துட்டீங்களா!

— வேரெல்லாம் அழுகிக் கெடக்குது. எலை மஞ்சளாப் போச்சு. பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?

— அழுகாம? தொட்டி நெறைய பனியன் வேஸ்ட்டை அமுக்கி, தெனமும் சொம்புத் தண்ணி ஊத்துனது ஆருங்க?

— வெயில் காலம்... குளுகுளுன்னு இருக்கட்டும்னுதான்...

— மெசின் தொடைக்கற துணியில செடி வளர்த்தவரு திருப்பூர்லயே நீங்க ஒருத்தருதான்.

— சிரிக்காத.

— "சித்ரா வாங்கியாந்த செடி, தூக்கிக் குப்பையில போடு"ன்னு குதிச்சவரும் நீங்கதானுங்களே?

— அவ பேச்ச எடுக்காத. அந்த ராஜபாண்டியைத்தான் கட்டுவேன்னு போனவ, எனக்குப் புள்ளயே இல்ல.

— சரீங்க, சரீங்க. அழுகுன வேரை வெட்டிப்போட்டுப் பட்டைத்தூள் தடவோணும்னு உங்களுக்கு ஆரு சொன்னது?

— இரு... நான் தொண்டைக்குன்னுதானே சொன்னேன்? தடவற சங்கதி உனக்கெப்படித் தெரியும்?

— அது... பக்கத்தூட்டு டீச்சரு...

— அவிய லீவுக்கு ஊருக்குப் போயி ஒரு மாசமாச்சு. அதென்ன, முந்தானைக்குள்ள?

— பட்டைத்தூளுங்க. காத்தாலயே அரைச்சுப்போட்டேன்.

— அடி கள்ளி! அவகூடப் பேசறயா?

— பேசறனுங்க. அவ போனதுல இருந்தே, டெலிபோன் பூத்துல இருந்து. பெத்த புள்ளகூடப் பேசாம எப்படீங்க இருக்கறது? எப்பக் கூப்புட்டாலும் "செடி இருக்குதாம்மா, அப்பா தூக்கிப் போட்டுட்டாராம்மா"ன்னுதான் கேக்கறா. அது செத்துப்போச்சுன்னா நான் என்னன்னு சொல்லுவேன்?

— அந்தப் பட்டைத்தூளை இப்படிக் குடு.

— திட்டறதுன்னாத் திட்டிப்போடுங்க. உங்களுக்கு ஆரு சொன்னதுன்னு மட்டும் சொல்லுங்க.

— கம்பெனியில அவ சிநேகிதிகிட்ட நம்பர் வாங்கி... நேத்துப் போட்டேன்.

— சித்ராவுக்கா! நீங்களா!

— அவ எங்க எடுத்தா... அந்தப் பையன் எடுத்தான். நான் வாயே தொறக்கல. அவனே, "மாமாவா பேசுறது?"ன்னான்...

— ஐயோ சாமி, கட் பண்ணிப்போட்டீங்களா?

— இல்ல, புள்ள... "ஆமாங்க மாப்பிள்ளை, உங்க வூட்டுக்காரி செடி வாடுதுங்க, என்ன பண்றதுன்னு கேட்டுச் சொல்லுங்க"ன்னுட்டேன்.