சத்தம் வந்தா பைதான்

பொம்மனஹள்ளியில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீன் வரிசை. குடல் ஆபரேஷன் முடிந்து, மலமும் காற்றும் வெளியேற வயிற்றில் பை மாட்டியிருந்த ஒருவர், எனக்கு முன்னால் தன் மனைவியிடம் சொன்னார்:

"சத்தம் வந்தா நான் இல்ல, பைதான்."

"வரட்டுமே. நேத்து காத்து பிரிஞ்சப்போ நர்ஸம்மா 'தும்ப ஒள்ளேது', ரொம்ப நல்லது, குடல் வேலை செய்யுதுன்னு கையே தட்டினாங்க."

"வார்டுல தட்டுவாங்க. அத்திபெலேல உன் தங்கச்சி கல்யாணத்துல தட்டுவாங்களா? என்னால அடக்கவும் முடியாது. நான் வரல."

"எங்கப்பா நாலு பேர் இருக்கும்போதே விடுறாரு. அவரு என்ன, எந்த விசேஷத்துக்கும் போகாமலா இருக்காரு?"

வரிசை நகர்ந்தது. அவர் பையை லேசாகத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"சரி, வர்றேன். உங்கப்பா பக்கத்துல எனக்கு ஒரு சேர் போடச் சொல்லு."

"எதுக்கு?"

"சத்தம் வந்தா யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க."